மருமகனுக்கு மரியாதை தெரியாதாமே!

கேள்வி: எனக்கு ஊர் மட்டக்களப்புப் பக்கம் பெரியகல்லாறு, அவருக்கு மலையகத்துல பதுளை. கலியாணம் முடிச்சு என்ட சீதன வீட்டுலதான் இரிக்கம், அம்மாவும் எங்களோடதான். அவர் குசினிக்குள்ள வந்து அம்மாவோட கதைச்சி, சட்டிய திறந்து பாத்து, தானே சோறு போட்டு சாப்பிடுவார். அம்மா என்னட்ட "மருமகனுக்கு மரியாதை தெரியா" எண்டு அழுறா. அவர் கேக்கார், மரியாதை எண்டா என்ன, நான் மாமிய ஏசினனா எண்டு. என்ன சொல்ல அக்கா?

பதில்: தங்கச்சி, அவர் கேட்டது நியாயமான கேள்வி. மரியாதை சமஸ்கிருதத்துல இருந்து வந்த சொல், அங்க 'மர்யாதா' எண்டா முதல்ல எல்லை, கரை எண்டுதான் அர்த்தம். ரிக்வேதத்துலயே ஏழு மர்யாதைகள் எண்டு வருது. மறுகாதான் எல்லை மீறாம நடக்கிறதுக்கு அந்தப் பேர் வந்த, ராமர மரியாதா புருஷோத்தமன் எண்டு சொல்றதும் அதாலதான், பெரியாக்களுக்கு குடுக்கிற கௌரவம் எண்டதெல்லாம் அதுக்குப் பிறகு. நாம மட்டு மரியாதை எண்டு சேத்து சொல்றமே, மட்டு எண்டாலும் அளவு, எல்லைதான். நம்மட கோயில்கள்ல காளாஞ்சி எண்ட கோயில் மரியாதைய குடுக்கக்க எந்தக் குடிக்கு (தாய்வழிச் சொந்தக் கூட்டத்துக்கு) முதல், எந்தக் குடிக்கு மறுகா எண்டு ஒழுங்கு இரிக்கே, அங்கயும் பாக்கிறது ஆர் எங்க நிக்கிற எண்டதத்தான்.

ஒழுக்கம் வேற. அது ஒழுகு எண்ட வினையில இருந்து வந்த தமிழ்ச் சொல், ஆள் நடந்துகொள்ற விதம், திருவள்ளுவர் உயிரவிட மேலா காக்கச் சொன்னது அதத்தான். உங்கட அவர்ட ஒழுக்கத்துல அம்மா ஒரு குறையும் சொல்லல்ல, கவனிச்சீங்களா? எல்லை தாண்டிட்டார் எண்டுதான் சொல்றா. பழைய ஆக்கள்ட வீடுகள்ல மருமகன் வந்தா மாமி கதவுக்கு அங்கால நிண்டு மகள்ட சொல்லித்தான் கதைப்பா, அவர் முன்னால கதிரையில இரிக்கவும் மாட்டா. அம்மா அதப் பாத்து வளந்தவ. ஆனா பதுளையால வந்த மனிசனுக்கு அந்த எல்லை எங்க இரிக்கி எண்டு ஆர் காட்டின? காட்டாம வெச்சிட்டு மரியாதை தெரியா எண்டு பேசுறது அநியாயம் புள்ள.

அம்மாட்ட பிரிச்சுக் கேளுங்க, அவர் குசினிக்குள்ள வாறதா, சட்டி திறக்கிறதா, நேருக்கு நேரா கதைக்கிறதா, எது கஷ்டம் எண்டு. எனக்கெண்டா சட்டிதான் எண்டு படுது, மருமகன் தானே சோறு போட்டா மாமி கவனிக்கல்ல எண்டு ஊர் கதைக்கும் எண்டு பயப்படுவா. அப்பிடியெண்டா சாப்பாட்ட மட்டும் அம்மா மேசையில கொண்டு வந்து வைக்கட்டும், கதைக்கிறத நிப்பாட்ட வேணாம். அவருக்கும் இது ஏசினதுக்கு வந்த கோவம் இல்ல எண்டு இண்டைக்கே சொல்லிடுங்க.