மடல் எழவில்லையா? வேஃபரை மாற்றாதீர்கள்

கேள்வி: எம்.டெக். மாணவன் நான். அரை மைக்ரான் தடிமனுள்ள சிலிக்கான் நைட்ரைடு சவ்வில் மடல்கள் வெட்டி, கீல் வரும் இடத்தில் குரோமியம் பூசி, அது இழுக்கும் இழுப்பில் தானாக மடிந்து பெட்டியாகும்படி செய்கிறேன். அடியிலுள்ள ஆக்சைடை ஹைட்ரோஃபுளோரிக் (எச்.எஃப்.) அமிலத்தில் கரைத்து, கழுவி உலர்த்தினால் மடல்கள் தரையோடு ஒட்டிக்கொள்கின்றன. ‘லோ ஸ்ட்ரெஸ்’ (படலத்தில் இழுப்பு குறைந்த) வேஃபர், அதாவது சவ்வைத் தாங்கும் சிலிக்கான் தகடு, வாங்கச் சொல்கிறார் ஏஜென்ட். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அமிலம் போக நன்றாகக் கழுவிவிட்டு, மடல் தண்ணீருக்குள் இருக்கும்போதே நுண்ணோக்கியில் பாருங்கள். அங்கே எழுந்து நின்றால் வேஃபரில் குறையில்லை. குரோமியம் இழுக்க வேண்டியதை இழுத்துவிட்டது. உலரும்போது இடுக்கில் மிஞ்சும் கடைசி நீர்தான் மடலைக் கீழே இழுத்து ஒட்டவைக்கிறது. இந்த அளவில் மடலின் எடை ஒரு பொருட்டே இல்லை, பரப்பு இழுவிசைதான் எல்லாம்.

ஆகவே நீரை எத்தனாலாலும், எத்தனாலைத் திரவ கார்பன் டைஆக்சைடாலும் மாற்றுங்கள். 31 டிகிரியையும் 73 வளிமண்டல அழுத்தத்தையும் தாண்டியபின், சூடு குறையாமல் மெதுவாக வெளியே விடுங்கள். அந்த நிலையில் திரவம், வாயு என்ற எல்லையே கிடையாது, இழுக்க ஏதுமில்லை. இதற்கான கருவி பெரும்பாலும் உயிரியல் துறையின் எலக்ட்ரான் நுண்ணோக்கி அறையில் இருக்கும். ஒரு மாடி ஏறினால் கிடைப்பதற்கு மூன்று கையெழுத்து, இரண்டு மாதக் காத்திருப்பு! மாணவர்களின் காலம் இப்படித்தான் வீணாகிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. செனான் டைஃபுளோரைடு வாயுவால் அரித்தால் திரவமே வேண்டாம், உலர்த்தவும் வேண்டாம். ஆனால் அது அரிப்பது சிலிக்கானை. உங்கள் ஆக்சைடைத் தொடாது. அடியடுக்கைச் சிலிக்கானாக மாற்றினால்தான் உதவும். ஈரம் பட்டால் அதுவும் எச்.எஃப். ஆகிவிடும், கவனம். அரித்து முடித்ததும் பழக்கதோஷத்தில் தண்ணீரில் கழுவினீர்களோ, பழையபடி ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம் அந்த ஏஜென்ட். சாதாரண நைட்ரைடில் இழுதகைவு (படலத்துக்குள் இருக்கும் இழுப்பு) சுமார் 1000 மெகாபாஸ்கல். சிலிக்கான் கூடுதலாகச் சேர்த்தால் 200-க்கும் கீழே கொண்டுவரலாம். எண் இல்லாத ‘லோ ஸ்ட்ரெஸ்’ வெறும் ஸ்டிக்கர். படலம் பூசும் முன்னும் பின்னும் வேஃபரின் வளைவை அளந்த அறிக்கையைக் கேளுங்கள். நான் கேட்டபோது ஒருவர் வேறு லாட்டின் (தயாரிப்புத் தொகுதியின்) அறிக்கையை அனுப்பினார். தூய்மை அறையில் (வேஃபர் வேலை நடக்கும் தூசியற்ற கூடத்தில்) ஸ்லாட் வாங்கித் தருகிறேன் என்பவரிடமும் பணம் கொடுக்காதீர்கள். மத்திய அரசின் ஐ.என்.யு.பி. (நானோ மின்னணுவியல் பயனர்) திட்டத்தில் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி., மும்பை ஐ.ஐ.டி. வசதிகளுக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

அடுத்த மாஸ்க்கில் (வடிவங்களை வேஃபரில் பதிக்கும் அச்சுத் தகட்டில்) ஓர் ஓரமாக 20, 50, 100, 200 மைக்ரான் நீளத்தில் ஒரு முனை மட்டும் பிடிப்புள்ள பட்டைகளையும் வரைந்துவிடுங்கள். எந்த நீளம்வரை ஒட்டாமல் நிற்கிறது என்பதை வைத்து உலர்த்தல் சரியா என்று உடனே தெரியும்.