பழைய கடிகாரம் மறுபடி ஓடினால் ஏன் அழுகிறார்கள்?

கேள்வி: குடும்பத்தில் வழிவழியாக வந்த பழைய பொருட்களைப் பழுதுபார்த்துக் கொடுக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை ஏன் இவ்வளவு பேர் விரும்பிப் பார்க்கிறார்கள்? ஒரு கடிகாரம் ஓடுவதைப் பார்த்து அழ என்ன இருக்கிறது?

இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதற்குப் பதில் கிடைத்தால் முதல் கேள்விக்கும் கிடைத்துவிடும்.

அப்பா இறந்த வருத்தத்துக்கு யாராலும் எதுவும் செய்ய முடியாது. வருகிறவர்கள் ஆறுதல் சொல்வார்கள், நாளாக நாளாகச் சரியாகும் என்பார்கள், எழுந்து போவார்கள். ஆனால் அப்பா சாவி கொடுத்துக்கொண்டிருந்த கடிகாரம் நின்றுபோயிருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். முறுக்கு வில் அறுந்திருக்கும், பல்சக்கரத்தில் ஒரு பல் உடைந்திருக்கும், எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். காரணம் தெரிந்தால் வழியும் உண்டு. எந்த வழியும் இல்லாத ஒரு துக்கத்தை, வழியுள்ள ஒரு வேலையாக இந்த நிகழ்ச்சிகளில் மாற்றித் தருகிறார்கள். அந்த வேலை கண்ணெதிரே முடிந்தும் விடுகிறது. அழுகை அங்கேதான் வருகிறது என்பது என் எண்ணம்.

இந்த வகையில் பலருக்கும் தெரிந்தது பிபிசியின் ‘தி ரிப்பேர் ஷாப்’. 2017-இல் தொடங்கியது. இங்கிலாந்தின் மேற்கு சசெக்ஸில் ஓலை வேய்ந்த ஒரு பழைய களஞ்சியத்துக்குள் படமாகிறது. களஞ்சியம் இருக்கும் இடம் ஓர் அருங்காட்சியகம். இடிபட இருந்த பழைய கட்டடங்களைப் பிரித்து எடுத்துவந்து மறுபடி நிறுத்திவைப்பதுதான் அதன் வேலையே. இந்தக் களஞ்சியமும் அப்படி வேறு ஊரிலிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்டது. சரியான இடமாகப் பார்த்துத்தான் பிடித்திருக்கிறார்கள். கடிகாரம், மரம், தோல், பீங்கான், ஓவியம், பொம்மை என்று ஒவ்வொன்றுக்கும் கைதேர்ந்த ஒருவர் உண்டு. பொருளைக் கொண்டுவருபவரிடம் காசு வாங்குவதில்லை.

அந்தக் கடைசி விஷயத்தில்தான் பாதி ரகசியம் இருக்கிறது. இதே பிபிசியில் 1979 முதல் ‘ஆன்டிக்ஸ் ரோட்ஷோ’ என்ற நிகழ்ச்சி வருகிறது. அங்கேயும் மக்கள் வீட்டுப் பழம்பொருளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், நிபுணர் வரலாறு சொல்வார். ஆனால் எல்லாரும் காத்திருப்பது கடைசியில் வரும் விலைக்காக. கேட்பவர் முகத்தில் கொஞ்சம் ஆசை, கொஞ்சம் கூச்சம். ரிப்பேர் ஷாப்பில் விலை என்ற பேச்சே எழுவதில்லை. ஒரு காது பிய்ந்த கரடிப் பொம்மைக்குச் சந்தையில் என்ன மதிப்பு என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அதற்கு ஒரே ஒரு வாங்குபவர்தான், அவர் ஏற்கெனவே அதன் சொந்தக்காரர்.

‘அதே மாதிரி புதுசு வாங்கிக்கொள்ளலாமே’ என்று ஒருவர் சொல்லலாம். அவர் சின்னக் குழந்தைகளிடம் பேசிப் பார்த்ததில்லை போலிருக்கிறது. உளவியலாளர்கள் புரூஸ் ஹூட், பால் புளூம் இருவரும் 2008-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளிடம், எதை வைத்தாலும் அச்சு அசலாக நகலெடுக்கும் இயந்திரம் என்று சொல்லி இரண்டு பெட்டிகளைக் காட்டினார்கள். சாதாரண பொம்மை என்றால் நகலை வாங்கிக்கொள்வதில் குழந்தைகளுக்குப் பெரிய தயக்கம் இல்லை. தினமும் கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மையாக இருந்தால் பெரும்பாலான குழந்தைகள் தங்கள் பழையதையே திரும்பக் கேட்டார்கள். அதை இயந்திரத்துக்குள் வைக்கவே விடாத குழந்தைகளும் இருந்தார்கள். வளர்ந்த பிறகு நாம் நியாயம் பேசக் கற்றுக்கொள்கிறோம், ஆனால் அந்தப் பிடிவாதம் அப்படியேதான் இருக்கிறது. ஒருவரின் கை பட்ட பொருளில் அவர் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறார் என்று மனம் நம்புகிறது. அறிவு எவ்வளவு மறுத்தாலும் சரி.

இந்த நம்பிக்கைதான் பழுதுபார்ப்பவரின் வேலையைச் சிக்கலாக்குகிறது, எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். எல்லாவற்றையும் புத்தம் புதிதாக்கிவிட்டால் அந்த ஆள் அதிலிருந்து போய்விடுவார். நாற்காலியின் கைப்பிடியில் மெருகு தேய்ந்த இடம் தாத்தாவின் உள்ளங்கை. மேஜையின் விளிம்பில் பல் தடம் இருந்தால் அது யாரோ ஒரு குழந்தையுடையது. நல்ல கைவினைஞர் முதலில் கேட்பது ‘எதைச் சரிசெய்ய வேண்டும்’ என்று. உடனே கேட்பது ‘எதைத் தொடக்கூடாது’ என்று. அதற்குச் சொந்தக்காரர் பதில் சொல்லும் இடத்தைக் கவனியுங்கள். அதுவரை பொருளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், ‘இந்தக் கீறலை மட்டும் விட்டுவிடுங்கள்’ என்று சொல்லும்போதுதான் முதல்முறையாகக் குரல் உடைவார்.

பழம்பொருள் பாதுகாப்பில் இதற்கு ஒரு தொழில் ஒழுக்கமே உண்டு: முடிந்தவரை குறைவாகச் செய், செய்ததைப் பின்னால் வருபவர் பிரித்தெடுக்கும்படி செய். மரச்சாமான்களுக்கு விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய பழைய பசையை இன்னும் விரும்புவதற்கு இது ஒரு காரணம். சூடும் ஈரமும் காட்டினால் அது இளகிவிடும். இன்றைய எபாக்ஸி என்ற செயற்கைப் பசை அவ்வளவு எளிதில் இளகாது. ஓவியத்தில் நிறம் உதிர்ந்த இடத்தை நிரப்பும்போதும், முதலில் ஒரு வார்னிஷ் பூச்சு கொடுத்து அதன்மேல்தான் புது வண்ணம் வைப்பார்கள். நாளைக்கு யாராவது துடைத்தெடுத்தாலும் அடியில் இருக்கும் மூல ஓவியத்துக்கு ஒன்றும் ஆகாது.

இந்த ஒழுக்கம் இல்லாமல் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2012-இல் ஸ்பெயினின் போர்ஹா ஊர் தேவாலயத்தில் நடந்ததே போதும். முள்முடி சூடிய இயேசுவின் சுவரோவியத்தை நல்லெண்ணத்தோடு ஒரு மூதாட்டி திருத்தப்போய், முகமே அடையாளம் தெரியாமல் போனது, உலகமே சிரித்தது. பிறகு அதைப் பார்க்கவே சுற்றுலாக் கூட்டம் வந்தது வேறு கதை.

ஓவியம் சுத்தம் செய்வதைப் பார்ப்பதில் இன்னொரு சுகமும் இருக்கிறது. பழைய இயற்கைப் பிசின் வார்னிஷ் வருடங்கள் போகப்போக மஞ்சளாகிப் பழுப்பேறிவிடும். குச்சியில் பஞ்சைச் சுற்றி, கரைப்பானில் லேசாக நனைத்து, ஒரு மூலையில் மெல்ல உருட்டுவார்கள். பழுப்பு வானத்தில் காசளவுக்கு நீலம் தெரியும். அந்த ஒரு நொடிக்காகவே பார்க்கலாம். சில அழுக்குகளுக்கு எச்சிலைத் தொட்டுத் துடைப்பதும் இந்தத் தொழிலில் நெடுநாள் வழக்கம். எச்சில் ஏன் நன்றாகச் சுத்தம் செய்கிறது என்று ஆராய்ந்த போர்ச்சுகல் ஆய்வாளர்களுக்கு 2018-இல், முதலில் சிரிக்கவைத்துப் பிறகு யோசிக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு கிடைத்தது. காரணம், அதில் இருக்கும் அமைலேஸ் என்சைம்.

சரி, இதெல்லாம் உண்மையான உணர்ச்சியா, டிவி வித்தையா? இரண்டும்தான். வாரக்கணக்கான வேலை சில நிமிடங்களுக்குள் சுருங்கிவிடுகிறது. தேய்ந்த துளைக்குப் புஷ் என்ற சின்ன உலோக வளையம் போட்டுப் பொருத்திப் பார்த்து, சரிவராமல் மறுபடி கழற்றும் சலிப்பெல்லாம் வெட்டப்பட்டுவிடும். பொருளைத் துணியால் மூடிவைத்து, ஆள் வந்ததும் விலக்கிக் காட்டுவது பச்சையான நாடகம். பின்னணியில் பியானோ எந்த இடத்தில் ஆரம்பிக்கும் என்று நானே சொல்லிவிடுவேன். ஆனாலும் நாடகத்துக்குள் நடக்கும் வேலை பொய் இல்லை. பல் இல்லாத சக்கரத்தை இசையால் சுற்றவைக்க முடியாதே.

யூடியூபில் துரு பிடித்த சுத்தியலையும் கத்தியையும் பளபளப்பாக்கும் காணொளிகள் நிறைய உண்டு. அவற்றையும் பார்ப்பேன், தூக்கம் வராத நேரத்துக்கு நல்லது. ஆனால் மறுநாள் ஒன்றும் நினைவில் நிற்காது. அங்கே பொருளுக்குப் பின்னால் யாரும் இல்லை. அழுக்கு இருந்தது, போய்விட்டது, அவ்வளவுதான்.

இந்த ஏக்கம் வசதி இல்லாதவர்களுக்கு மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். 2022-இல் வந்த ரிப்பேர் ஷாப் சிறப்பு நிகழ்ச்சி ஒன்றில், படமெடுத்தபோது பிரிட்டன் இளவரசராக இருந்த சார்லஸ் இரண்டு பொருட்களைக் கொடுத்தார். ஒன்று 18-ஆம் நூற்றாண்டுக் கடிகாரம். இன்னொன்று விக்டோரியா அரசியின் வைர விழாவுக்காகச் செய்த பீங்கான் ஜாடி. ஜன்னலைத் திறக்கப்போன யாரோ தட்டிவிட்டதில் உடைந்ததாம். எதை வேண்டுமானாலும் வாங்கக்கூடியவருக்கும் அந்த ஜாடிதான் வேண்டியிருந்தது.

அப்புறம், ஏன் இப்போது இவ்வளவு வரவேற்பு என்றால், கழற்றவே முடியாத பொருட்களோடு வாழ்கிறோம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒட்டுப்போட்டு மூடிய போனைத் திறக்க, சூடான காற்றை ஊதும் ஹீட் கன் வேண்டும். பழுதுபார்க்கும் உரிமைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் சட்டம் கொண்டுவர வேண்டிய அளவுக்கு நிலைமை போயிருக்கிறது. திருகாணியால் பூட்டிய எதையும், அதே திருகாணியைக் கழற்றித் திறக்கும் ஒருவரைப் பார்ப்பதே இன்று ஆறுதலாக இருக்கிறது.

நீங்கள் புதிதாகப் பார்க்கப்போகிறீர்கள் என்றால், துணியை விலக்கும் கட்டத்துக்கு ஓட்டிப் போகாதீர்கள். பொருளை மேஜைமேல் வைத்த முதல் சில நிமிடங்களைப் பாருங்கள். நிபுணர் அனுதாப வார்த்தை அதிகம் பேசமாட்டார். பொருளைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்ப்பார், விரலால் தட்டுவார், ‘இது எப்போது நின்றது?’ என்று கேட்பார். வந்தவரும் தேதியில் ஆரம்பித்து, கேட்காததையெல்லாம் சொல்லிக்கொண்டே போவார்.