பழைய வெள்ளி நாணயங்களை எப்போது விற்பது?

கேள்வி: என் தந்தையார் நாற்பது ஆண்டுகளாகச் சேர்த்த வெள்ளி நாணயங்கள், அவர் காலமானபின் ஒரு தகரப் பெட்டியோடு என் பொறுப்புக்கு வந்துள்ளன. வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் விற்றுவிடலாம் என்று தோன்றுகிறது. இன்னும் ஏறுமோ என்று மனம் தயங்குகிறது. எப்போது விற்பது சரி? விற்கும்முன் துலக்கி வைக்கலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து துலக்காதீர்கள். வெள்ளியின் மேல் படிந்திருக்கும் கருமை, காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் உண்டான மெல்லிய படலம்தான். பற்பசையோ பொடியோ போட்டுத் தேய்த்தால், அச்சடித்த நாள் முதல் இருந்துவரும் மெருகும் அதோடு சேர்ந்து போய்விடும். தேய்த்த நாணயத்தை உருப்பெருக்கியின்கீழ் வைத்துப் பாருங்கள். மயிரிழை போன்ற கீறல்கள் தெரியும். அவற்றைக் கண்ட சேகரிப்பாளர் அந்த நாணயத்தை வெறும் உலோகமாகவே மதிப்பார்.

எப்போது விற்பது என்பதற்கு ஒரே பதில் கிடையாது; ஏனெனில் உங்கள் பெட்டியில் இருப்பது அநேகமாக இரண்டு வகைச் சொத்து. வெள்ளிக்காக மட்டும் விலைபோகும் நாணயங்கள் ஒரு வகை. அரியவை என்பதற்காக விலைபோகும் நாணயங்கள் மற்றொரு வகை. பிரிட்டிஷ் இந்தியாவின் 1911-ஆம் ஆண்டு ரூபாயில், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் இருந்த யானை பன்றியைப் போல் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்ததால், அந்த நாணயம் திரும்பப் பெறப்பட்டு, 1912-இல் யானையின் உருவம் திருத்தப்பட்டது. இரண்டுக்கும் எடை 11.66 கிராம், இரண்டிலும் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. தராசு இரண்டையும் ஒன்றாகவே காட்டும். சேகரிப்பாளர் 1911-க்குத்தான் கூடுதலாகக் கொடுப்பார். அதே வேளையில், பழையது என்பதாலேயே ஒரு நாணயம் அரியதாகிவிடாது. 1862 என்று பொறித்த விக்டோரியா ரூபாய், ஆண்டை மாற்றாமலே 1874 வரை அடிக்கப்பட்டதால், இன்றும் ஏராளமாகக் கிடைக்கிறது.

எனவே முதலில் தரம் பிரியுங்கள். உலோக வகையில் ஆண்டைக் கவனிப்பது மிக முக்கியம். பிரிட்டனின் வெள்ளி நாணயங்களில் 1919 வரை 92.5 விழுக்காடும், 1920 முதல் 1946 வரை பாதியும்தான் வெள்ளி. 1947 முதல் புழக்க நாணயங்களில் வெள்ளியே இல்லை. அமெரிக்காவின் கால் டாலரில் 1964 வரை 90 விழுக்காடு. எடையைத் தூய்மையால் பெருக்கி, நிகர வெள்ளியின் அளவை நீங்களே எழுதி வைத்துக்கொண்டால், வாங்குபவர் சொல்லும் கணக்கைச் சரிபார்க்கலாம்.

இந்த வகையை விற்பதற்கு உச்சவிலையை எதிர்பார்த்துக் காத்திருப்பதை நான் ஆதரிப்பதில்லை. 1980 ஜனவரியில் ஒரு டிராய் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம், வெள்ளி ஏறக்குறைய 50 டாலரைத் தொட்டது; மார்ச் 27-ஆம் தேதி 11 டாலருக்கும் கீழே சரிந்தது. மீண்டும் அந்த உயரத்தை நெருங்க 2011 ஏப்ரல் வரை ஆயிற்று. 2015 இறுதியில் 14 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. உச்சம் என்பது கடந்துபோன பிறகே தெரிகிறது. ஆகவே, படிப்புச் செலவோ மருத்துவச் செலவோ வரும் நாள் தெரிந்திருந்தால், அதற்கு முன்பே, விலை ஓரளவு நன்றாக இருக்கும்போது மூன்றில் ஒரு பங்கை விற்றுவிடுங்கள். மீதியைச் சில மாத இடைவெளியில் விற்கலாம். அவசரத்தில் விற்பவருக்குப் பேரம் பேச வாய்ப்பே இருக்காது.

அரிய நாணயங்களுக்கோ வெள்ளி விலை ஏறும் நாள்தான் ஆபத்தான நாள். அன்று எல்லாமே தராசுக்குப் போகின்றன. 1980-இல் அப்படி உலைக்குப் போன நாணயங்கள் ஏராளம். இவற்றை எடைக்குக் கொடுக்காமல், குறைந்தது மூன்று நாணய வணிகர்களிடம் தனித்தனியே காட்டி மதிப்பைக் கேளுங்கள். மிக அரியது என்று தெரிந்தால் ஏலத்துக்குக் கொடுங்கள். உங்களுக்குப் பணத்தேவை இல்லாவிட்டால் இவற்றை வைத்திருப்பதில் எந்த நட்டமும் இல்லை.

பெட்டியில் தந்தையார் எழுதி வைத்த சீட்டுகளோ சிறு உறைகளோ இருந்தால், குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். எந்த நாணயத்தை எங்கே, எப்போது வாங்கினார் என்ற குறிப்பு, அந்த நாணயம் போலியன்று என்பதற்குத் துணைச் சான்றாகும். வாங்க வருபவரிடம் நாணயத்தோடு அதையும் காட்டுங்கள்.