பங்காளி வீட்டு ஜீப்பு

போன மாசம் இந்தப் பக்கத்துல கிரெனடியர்னு ஒரு வண்டிய பத்தி, பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் சாயல்ல வெளிநாட்டுல ஒண்ணு வந்திருக்குன்னு நாலு வரி எழுதுனேன், அவ்வளவுதான், போடி, கம்பம், பூப்பாறை, சாந்தன்பாறைன்னு மலைக்கு மேலயும் கீழயும் இருந்து கேள்வியா வந்து குமிஞ்சிருச்சு. அதுல முக்காவாசிப் பேரு அந்த வண்டிய கண்ணால பாக்காதவங்க. நானும் பாக்கல, மச்சான் மகன் துபாய்ல நின்னுக்கிட்டு வீடியோ கால்ல சுத்திச் சுத்திக் காட்டுனான், அதோட சரி. ஆனா 28 வருசம் டிரிப் ஜீப்பு ஓட்டுன கை இது, அடியில குனிஞ்சு பாத்தா என்ன ஏதுன்னு தெரிஞ்சிரும், அவனையும் குனிய வச்சுத்தான் பாத்தேன்.

கேள்வி: அண்ணே, கிரெனடியரு டிஃபெண்டரோட காப்பின்னு நான் சொல்றேன், இல்லவே இல்லைன்னு எங்க செட்டுல பாதிப்பேரு குதிக்கிறாய்ங்க. காப்பியா இல்லையா? (ஜீப் பைத்தியம், சாந்தன்பாறை)

பதில்: காப்பிதான் தம்பி, அதுல என்ன சந்தேகம். ஆனா ஒரிஜினல்னு சொல்றீங்களே, அதுவே ஒரு காப்பிதானே. ரெண்டாம் உலகப்போர் முடிஞ்ச பிறகு ரோவர் கம்பெனியில இருந்த மாரிஸ் வில்க்ஸ்ங்கறவரு தன்னோட தோட்டத்துல ஒரு பழைய மிலிட்டரி விலிஸ் ஜீப்ப வச்சு வேலை பாத்துக்கிட்டு இருந்தாரு, இத மாதிரி நாமளே ஒண்ணு செஞ்சா என்னன்னு தோணுச்சு, விலிஸ் சேஸிஸ, அதாவது பாடிய தாங்குற அடிச்சட்டத்த வச்சே முதல் மாதிரி வண்டிய கோத்தாங்க, இரும்புக்கு தட்டுப்பாடு இருந்ததால பாடிய அலுமினியத்துல அடிச்சாங்க, 1948 ஏப்ரல் 30 ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில கொண்டுபோய் நிறுத்துனாங்க, அதுதான் முதல் லேண்ட் ரோவர், டிஃபெண்டர் அதோட வழியில வந்தது. அதே விலிஸ் ஜீப்பத்தான் சுதந்திரம் வந்த கையோட பம்பாயில மஹிந்திராக்காரங்க கோத்து விக்க ஆரம்பிச்சாங்க. அப்ப கணக்குப் போட்டுப் பாருங்க, லண்டன்காரன் டிஃபெண்டரும் நம்ம போடி பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்ன ஜீப்பும் பங்காளிங்க, ஒரே தாத்தா.

பங்காளின்னு வந்துட்டா அப்புறம் கோர்ட்டு இல்லாமயா. டிஃபெண்டரோட உருவமே எங்களுக்குத்தான் சொந்தம்னு லேண்ட் ரோவர்காரங்க இங்கிலாந்துல டிரேட்மார்க் பதியப் பாத்தாங்க, குறுக்க வந்து தடுத்தது இந்த கிரெனடியர் செய்ற இனியோஸ் கம்பெனி, 2020ல ஹைகோர்ட்டும் லேண்ட் ரோவர் பக்கம் நிக்கல. அதே வருசம் அமெரிக்காவுல மஹிந்திராவோட ராக்ஸர் வண்டி எங்க ஜீப்பு மாதிரியே இருக்குன்னு ஜீப் கம்பெனி போட்ட வழக்குல மஹிந்திராவுக்கு அடி, மூஞ்சிய மாத்துன பிறகுதான் விக்க விட்டாங்க. இதுல ரசமான விசயம், அந்த லேண்ட் ரோவர் 2008ல இருந்தே நம்ம டாடா வீட்டு சொத்து. எங்க ஊர்ல வரப்புச் சண்டை கூட இவ்வளவு சிக்கலா இருக்காது.

கேள்வி: புது டிஃபெண்டர பாத்து இது டிஃபெண்டரே இல்லங்கறாங்க, கிரெனடியர பாத்து இதுதான் அசல் வாரிசுங்கறாங்க. ரெண்டுமே புது வண்டிதானே ஐயா, எதை வச்சு இப்படி சொல்றாங்க? (ஏலக்காட்டான், வண்டன்மேடு)

பதில்: எலும்ப வச்சு. பழைய டிஃபெண்டர் 2016 ஜனவரி 29ம் தேதியோட நின்னுபோச்சு. 2019ல அதே பேர்ல வந்தது காரு மாதிரி ஒரே கூடா செஞ்ச அலுமினிய பாடி, தனி சேஸிஸ் கெடையாது, நாலு வீலும் தனித்தனியா ஆடும். நல்ல வண்டி இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது, ரோட்டுல ஓட்டுனவன் திரும்ப பழசுல ஏறமாட்டான். ஆனா பைத்தியம் புடிச்ச கூட்டத்துக்கு அது ஆறல. இனியோஸ் முதலாளி ஜிம் ராட்கிளிஃப்புக்கும் ஆறல, லண்டன்ல கிரெனடியர்ங்கற பேர்ல ஒரு சாராயக்கடை இருக்கு, அங்க உக்காந்து பேசுனப்ப முடிவு பண்ணித்தான் வண்டிக்கே அந்தப் பேர வச்சாரு. சேஸிஸ் தனி, முன்னாடி பின்னாடி ரெண்டுலயும் எடது வலது வீல சேத்துப் புடிக்கற ஒரே கட்டையா ஹவுசிங், மேல காயில் ஸ்ப்ரிங். அதான் வாரிசுங்கறாங்க. ஆனா அதுலயும் குத்தம் கண்டுபுடிக்க ஆள் இருக்கு, இங்கிலீஷ்கார வண்டின்னுட்டு எஞ்சின் ஜெர்மனி பிஎம்டபிள்யூ, ஆக்சில் இத்தாலி கராரோ, ஃபேக்டரி பிரான்ஸ்ல ஆம்பாக்னு பொலம்புறாங்க. புது டிஃபெண்டர் மட்டும் எங்க செய்றாங்களாம், ஸ்லோவாக்கியாவுல.

எனக்கு எலும்பு கணக்கு புரியுது, ஏன்னு ஒண்ணு சொல்றேன். ஒரு ஐப்பசி மாசம், எஸ்டேட்டு ரோட்டுல எறங்கி வரேன், சரியான மழை, பின்னாடி எட்டுப் பேரு, ரெண்டு மூட்டை. ஒரு பள்ளத்துல டமார்னுச்சு, பின் எடதுபக்கம் ஸ்ப்ரிங்கோட மெயின் பட்டை ரெண்டா போச்சு, வண்டி அப்படியே ஒரு பக்கம் சாஞ்சு டயரு பாடியில உரசுது. போன் சிக்னல் இல்ல. தோட்டத்துல கெடந்த சவுக்குக் கட்டைய ஒரு முழத்துக்கு வெட்டி, ஜாக்கி போட்டு தூக்கி, ஹவுசிங்குக்கும் சேஸிஸுக்கும் நடுவுல சொருகி, மூட்டை கட்டுன கயிறால எட்டு சுத்து சுத்தி இறுக்குனேன், அந்தக் கயிறு நனைஞ்சிருந்ததால முடிச்சு நல்லா புடிச்சிருச்சு. ஆளுகள நடக்க விட்டுட்டு முதல் கியர்லயே பட்டறை வரைக்கும் கொண்டுவந்து சேத்துட்டேன். மருமகன் இப்ப ஒரு புது வண்டி வச்சிருக்கான், என்ன வண்டின்னு வேண்டாம், போன வருசம் ஒரு சென்சார் போயி மஞ்ச லைட்டு எரிஞ்சுச்சு, வண்டி 20க்கு மேல போக மாட்டேன்னு அடம், ஸ்கேனர் வந்து பாக்கணும்னு சொல்லி மூணு நாளு ரோட்டோரமே நின்னுச்சு. சென்சாருக்கு எந்த மரத்துல கட்டை வெட்டுறது சொல்லுங்க. கிரெனடியர்லயும் அதே கம்ப்யூட்டர் எஞ்சின்தான், எட்டு கியர் ஆட்டோமேட்டிக்தான், எலும்பு பழசு நரம்பு புதுசு, அத யாரும் கத்திச் சொல்றதில்ல.

கேள்வி: கிரெனடியர் கொழுக்குமலை ஏறுமாண்ணே? (ஓட்டுநர், சூரியநெல்லி)

பதில்: ஏறும், திரும்பாது. விளையாட்டுக்கு சொல்லல. தரையில இருந்து வண்டியோட அடிப்பக்கம் 264 மில்லிமீட்டர் உயரம், 800 மில்லிமீட்டர் தண்ணியில எறங்கும், நடுவுல ஒரு லாக்கு எப்பவும் உண்டு, கேட்டு வாங்குனா முன்னாடி பின்னாடியும் சேத்து மூணு லாக்கு வரும், அதாவது ஒரு வீலு சேத்துல சும்மா சுத்துனாலும் இழுவை வீணாகாம தரை புடிச்ச வீலுக்குப் போகும். ஏத்தத்துக்கு அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம். ஆனா அகலம் 1930 மில்லிமீட்டர், நீளம் ஸ்டெப்னியோட சேத்து 4.9 மீட்டர் பக்கம், எடை 2600 கிலோவுக்கு மேல, முதல்ல வந்த வண்டி முழுசா ஒரு சுத்து சுத்த 13 மீட்டருக்கு மேல எடம் கேட்டுச்சு. உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்ல, எஸ்டேட்டு தமிழ்நாட்டுப் பக்கம், பாதை கேரளாப் பக்கம், அந்தப் பாதையில எதுத்தாப்புல ஒரு ஜீப்பு வந்தாலே ஒருத்தன் ரிவர்ஸ் எடுக்கணும். போடிமெட்டுல 17 கொண்டை ஊசியிலயும் ரோடு இப்ப நல்லாத்தான் இருக்கு, இருந்தாலும் அந்த நீளத்த வச்சு பஸ்ஸுக்கு வழிவிட்டுத் திரும்பறது வேத்து விடும்.

இன்னொண்ணு, அதுல ஸ்டீரிங் பழைய பாக்ஸ் மாடல், கல்லுல அடிச்சா கைக்கு ஒதறல் வராது, ஆனா வளைவ விட்டு வெளிய வந்ததும் தானா நேராகாது, நீங்கதான் திருப்பிக் கொண்டுவரணும். முதல்ல வந்த வண்டிய ஓட்டிப் பாத்த கார்க்காரங்க எல்லாம் இதத்தான் பெரிய குறையா சொன்னாங்க. பழைய ஜீப்பு ஓட்டுன நமக்கு இதெல்லாம் ஒரு குறையா, நாம என்னைக்கு ஸ்டீரிங்க விட்டோம்.

ஸ்டீரிங்ல டூட்னு ஒரு சின்ன ஹார்ன் பட்டன் தனியா இருக்கு, சைக்கிள்ல போறவன் பயப்படாம ஒதுங்கறதுக்காம். நம்ம காட் ரோட்டுல அத அடிச்சா குரங்கு கூட திரும்பிப் பாக்காது.

கேள்வி: மஹிந்திராவோட அஞ்சு கதவு தார் ராக்ஸ் வந்தப்ப வெள்ளை சீட்டு பத்தி ஏன் அவ்வளவு கூப்பாடு? சீட்டுதானே? (கல்லூரி மாணவி, கம்பம்)

பதில்: சீட்டுதான் தாயி, ஆனா நம்ம பக்கத்து செம்மண்ணுல ஒரு தடவ எறங்கி ஏறிப் பாரு. அஞ்சு கதவு தார் வேணும்னு ஆளுக பல வருசம் கேட்டாங்க, 2024 ஆகஸ்டுல வந்துச்சு, 12.99 லட்சத்துல ஆரம்பிச்சுச்சு, அக்டோபர் 3 புக்கிங் தெறந்த ஒரு மணி நேரத்துல 1,76,218 பேரு பணம் கட்டுனாங்க. அவ்வளவு கூட்டமும் ரெண்டு விசயத்துக்கு மூஞ்சிய சுளிச்சுச்சு. ஒண்ணு அந்த வெள்ளை சீட்டு, கம்பெனியும் புக்கிங்குக்கு முன்னாடியே நாலு வீலும் இழுக்கற ஃபோர் வீல் வண்டிக்கு மட்டும் காப்பிக்கொட்டை நெறம் குடுத்துருச்சு. இன்னொண்ணு பெட்ரோல் வண்டிக்கு ஃபோர் வீல் கெடையாது, டீசல் வாங்குனாத்தான். எனக்கு ரெண்டாவதுதான் பெரிய குறையா படுது, ஆனா கத்துனது எல்லாம் முதலாவதுக்குத்தான். கிரெனடியர்ல ரப்பர் தரை போட்டு தண்ணி வடிய ஓட்டையும் அடைப்பானும் வச்சிருக்காங்க, ஹோஸ் புடிச்சு அடிச்சு விட்டுறலாம். செஞ்சவன் எவனோ சேத்துல மிதிச்சிருக்கான்.

கேள்வி: மாருதி ஜிப்சிக்கு வாரிசுன்னு ஜிம்னிய எல்லாரும் கேட்டாங்களே, வந்த பிறகு ஏன் வாங்கல? (பெயர் வேண்டாம், போடி)

பதில்: கேக்கறவன் வேற, வாங்கறவன் வேற, அதான் மாப்ள. ஜிப்சி 1985ல வந்த வண்டி, போலீஸ்காரனும் பட்டாளத்துக்காரனும் ஓட்டுனது. ஜிம்னி 2023 ஜூன்ல 12.74 லட்சத்துக்கு வந்தப்ப, இந்த வெலைக்கு இத்துனூண்டு வண்டியான்னு கேட்டது யாரு, அது வேணும் வேணும்னு அஞ்சு வருசம் எழுதிக்கிட்டு இருந்த அதே ஆளுகதான். இதே குர்கான்ல செஞ்ச அஞ்சு கதவு ஜிம்னிய 2025 ஜனவரி கடைசியில ஜப்பானுக்கு அனுப்புனாங்க, நாலு நாள்ல 50,000 ஆர்டரு, இப்போதைக்கு ஆர்டர் எடுக்க மாட்டோம்னு அப்ப கவுண்டர மூடிட்டாங்க. என்னையக் கேட்டா நம்ம மலைக்கு பொருத்தமான எலும்பு அதுலதான் இருக்கு, தனி சேஸிஸ், ரெண்டு பக்கமும் ஒரே ஹவுசிங், லோ கியர், எடை வெறும் 1200 கிலோ, அகலம் 1645. கிரெனடியர்ல பாதி கூட எடை இல்ல. தார்ல முன்னாடி வீலு தனித்தனி, பின்னாடிதான் ஒரே ஹவுசிங், பாக்க கெத்து அதுதான், ஒத்துக்கறேன்.

கேள்வி: ஐயா, நான் தேவாரத்துல இருந்து தெனம் ஏலக்காட்டுக்கு ஜீப்புல போறேன். என் மகன் எப்பப் பாத்தாலும் போன்ல இந்த புது ஜீப்பு வீடியோதான் பாக்கறான். அதுல எத்தன பேரு போலாம்? (தோட்டத் தொழிலாளி, தேவாரம்)

பதில்: இத்தன கேள்வியில இத கேட்டது நீங்க ஒருத்தங்கதாம்மா. மூணு கதவு தார்ல நாலு பேரு. ஜிம்னியில நாலு. ராக்ஸ்ல அஞ்சு. அந்த ஒசந்த வெலை கிரெனடியர்லயும் அஞ்சுதான். நீங்க போற கமாண்டர் ஜீப்புல முன்னாடி ரெண்டு, நடுவுல மூணு நாலு, பின்னாடி எதுத்தாப்புல எதுத்தாப்புல பெஞ்சு, படுதாவ புடிச்சு தொங்கறவங்கள நான் கணக்குல சேக்கல, நானும் ஏத்துனவன்தான், காலையில அஞ்சு மணிக்கு தூக்குவாளிய மடியில வச்சுக்கிட்டு ஒருத்தர் மேல ஒருத்தரா உக்காந்து வந்தவங்கள, விட்டுட்டுப் போனா அன்னைக்கு சம்பளம் போச்சேன்னு ஏத்துனேன், அது தப்புன்னு தெரிஞ்சேதான் ஏத்துனேன். வண்டி கவுந்த செய்தி எத்தன படிச்சிருப்போம். பழைய ஜீப்போட மூஞ்சிய எடுத்தாங்க, சேஸிஸ எடுத்தாங்க, ரவுண்டு லைட்ட எடுத்தாங்க, அந்தப் பின் பெஞ்ச எவனும் எடுக்கல. பெல்ட்டோட பத்துப்பேரு உக்கார்ற மாதிரி ஃபோர் வீலு வண்டி ஒண்ண நியாயமான வெலையில செஞ்சு, தோட்டக்காரங்க அதுல ஆளுகள கூட்டிட்டுப் போகணும்னு வச்சா, அதுக்கு நான் முழுப்பக்கம் எழுதுவேன். மகன்கிட்ட சொல்லுங்க, வீடியோ பாக்கட்டும் தப்பில்ல, ஒருநாள் காலையில உங்க கூட அந்த ஜீப்புல ஏறி வரட்டும்.

கேள்வி: கிரெனடியர் இங்க வாங்கணும்னா என்ன செலவாகும்? (ஏலக்கா வியாபாரி, குமுளி)

பதில்: இங்க ஷோரூம் கெடையாது. இறக்குமதி பண்ணா டூட்டியும் டாக்ஸும் சேத்து அங்கத்த வெலைக்கு ரெண்டு மடங்குக்கு மேல போயிரும். கல்ஃப்ல ஓடறது எடதுபக்க ஸ்டீரிங் வேற. ஏலக்கா நல்ல வெலை போன வருசம்னாலும் யோசிங்க.

கேள்வி: உங்க பழைய மஹிந்திரா மேஜர் ஜீப்ப குடுக்கறீங்களா? நல்ல வெலை தரேன், நான் புதுசு மாதிரி ஆக்கிருவேன். (ஜீப் பைத்தியம், சாந்தன்பாறை, ரெண்டாவது கடுதாசி)

பதில்: நீங்கதானா தம்பி. வண்டி வீட்டுக்கு பின்னாடி முருங்கை மரத்தடியிலதான் நிக்குது, செல்ஃப் எடுக்காது, படுதா கிழிஞ்சிருச்சு, பின்சீட்டுல கோழி அடை உக்காந்திருக்கு. குஞ்சு பொரிக்க இன்னும் பத்து நாளாகும். அதுக்கப்புறம் வாங்க, பேசிக்கலாம்.