டெல்டா மாவட்டங்களில் நிலம் வாங்கும்போதும் விற்கும்போதும் கிரயம் (விற்பனைப் பத்திரப் பதிவு) இழுத்தடிக்காமல் முடிய என்ன செய்ய வேண்டும்?

கேள்வி கேட்டவர், நன்செய் வாங்க அட்வான்ஸ் கொடுத்து மூன்று மாதக் கெடுவில் அக்ரிமெண்ட் போட்டதாகவும், கெடு முடிந்தும் கிரயம் ஆகவில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் நடப்பது ஒரு நாள் வேலை. மாதக்கணக்கில் இழுப்பதெல்லாம் அதற்கு முன் முடிக்க வேண்டிய வருவாய்த்துறை வேலைகளும், குடும்பத்துக்குள் வாங்க வேண்டிய கையெழுத்துகளும்தான். பலரும் அட்வான்ஸ் கைமாறிய பிறகே பத்திரங்களைப் புரட்டுகிறார்கள். கெடு அங்கேயே கரையத் தொடங்கிவிடுகிறது. ஆவணங்களைப் பார்த்து முடித்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.

விலை பேசும்போதே தாய்ப்பத்திரம் (சொத்து முதலில் வந்த வழியைக் காட்டும் மூலப் பத்திரம்), இடைப்பட்ட பத்திரங்கள், பட்டா எல்லாவற்றுக்கும் நகல் கேளுங்கள். பட்டா, அ-பதிவேடு (புல எண் வாரியாக நில விவரம் சொல்லும் கிராமப் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) மூன்றையும் அரசு இணையதளத்தில் நீங்களே எடுக்கலாம். 1975 முதலான வில்லங்கத்தை (நிலத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் முதலியவற்றின் பட்டியல்) இணையத்திலேயே பார்க்கலாம். அதற்கு முந்தையது இணையத்தில் கிடைக்காவிட்டால் மனுப் போட்டுத் தேட வேண்டும். தேடும்போது கவனிக்க வேண்டியது இரண்டு. யுடிஆர் என்று சொல்லும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது பல ஊர்களில் புல எண்ணோ (சர்வே எண்), அதன் உட்பிரிவோ மாறியிருக்கிறது. பழைய எண், புதிய எண் இரண்டுக்கும் வில்லங்கம் போடுங்கள். அடுத்து, ஊர் வேறு சார்பதிவகத்தின் எல்லைக்குள் இப்போது வந்திருக்கலாம். 1991இல் நாகப்பட்டினம், 1997இல் திருவாரூர், 2020இல் மயிலாடுதுறை என்று மாவட்டம் பிரிந்துகொண்டே வந்த பகுதி இது. பழைய அலுவலகத்தின் பெயரிலும் தேடிவிடுங்கள்.

வில்லங்கத்தில் அடமானமோ, கடனுக்காகப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததோ தெரிந்தால், கடனைக் கட்டிவிட்டோம் என்ற பேச்சு போதாது. கடன் தீர்ந்ததைச் சொல்லும் ரத்து ரசீது பதிவாகி, அதுவும் வில்லங்கத்தில் ஏறியிருக்க வேண்டும்.

அதிகம் இழுப்பது பலர் பெயரில் நிற்கும் கூட்டுப் பட்டாவும் வாரிசுப் பிரச்சினையும். தாத்தா பெயரிலேயே பட்டா நிற்கும். அனுபவிப்பவர் மூத்த மகன் வழிப் பேரன். ‘பெண்களுக்குச் சீர் செய்தாயிற்று, அவர்கள் கேட்க மாட்டார்கள்’ என்பார்கள். அந்தச் சொல்லை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். உயில் எழுதாமல் இறந்த இந்து ஒருவரின் சொத்தில் மனைவி, மகன், மகள் மட்டுமல்ல, உயிரோடிருக்கும் தாயாரும் முதல் வகுப்பு வாரிசு. முன்பே இறந்த மகன், மகளின் பிள்ளைகளும் உண்டு. பரம்பரைச் சொத்திலும் மகளுக்குப் பிறப்பால் பங்கு உண்டென்று 2005ஆம் ஆண்டுத் திருத்தமும் 2020இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் தெளிவாக்கிவிட்டன. ஆகவே இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இரண்டையும் வைத்துக் குடும்ப வரைபடம் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் நேரே யார் எங்கே இருக்கிறார் என்று குறியுங்கள். அத்தனை பேரும் கிரயத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது விற்பவருக்கு முன்கூட்டியே தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைக்குச் செலவு அதிகமில்லை: முத்திரைத் தீர்வை 1%, உச்சம் 40,000 ரூபாய்; பதிவுக் கட்டணம் 1%, உச்சம் 10,000 ரூபாய். இந்தத் தொகையை மிச்சம் பிடிக்கப் போய்ப் பத்து வருட வழக்கை வாங்கிக்கொள்ளாதீர்கள். வாரிசுகளில் மைனர் இருந்து, அவருடைய தனிப் பங்கையும் சேர்த்து விற்பதானால் நீதிமன்ற அனுமதி வேண்டும். அதற்கான காலத்தையும் கெடுவில் சேர்த்துவிடுங்கள்.

சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று ஒருவராவது வெளிநாட்டில் இல்லாத குடும்பம் இங்கே குறைவு. அவர் நேரில் வர முடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டுச் சான்று பெற்ற பவர் பத்திரம் அனுப்பலாம். இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். பவரில் புல எண், விஸ்தீரணம், கிரயம் எழுதிக் கொடுக்கவும் பணம் பெறவும் அதிகாரம் எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். ‘என் சொத்துகளைப் பார்த்துக்கொள்ள’ என்று பொதுவாக எழுதியது கிரயத்துக்கு உதவாது. பவர் கொடுத்தவரின் உயிர்வாழ் சான்றையும் கிரய நாளை ஒட்டி வாங்கி வையுங்கள்.

அடுத்தது அளவு. பழைய பத்திரம் குழி, மா, வேலிக் கணக்கில் பேசும். பட்டா ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். 12 அடிக் கோலில் ஒரு குழி 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா. அது 14,400 சதுர அடி, சுமார் 33 சென்ட், 13.4 ஏர். இருபது மா ஒரு வேலி. பத்திரத்தில் ஒரு மா என்றிருந்து பட்டாவில் 12 ஏர்தான் இருந்தால் மூன்று சென்டுக்கு மேல் குறைகிறது. அது வாய்க்காலில் போனதா, பக்கத்து வயலில் இருக்கிறதா என்பது தெரிந்த பிறகே செக்குபந்தி (நான்கு எல்லை விவரம்) எழுத வேண்டும். இல்லாவிட்டால் பிழைத்திருத்தல் பத்திரத்துக்கு விற்றவரைத் தேடி அலைய நேரிடும்.

அளப்பதற்குக் காலம் பார்க்க வேண்டும். சம்பா அறுவடை முடிந்த மாசியிலிருந்து, மேட்டூர் திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12 வரை வயல் காய்ந்து வரப்பு தெளிவாகத் தெரியும். உட்பிரிவு செய்ய வேண்டிய நிலத்துக்குப் புரட்டாசியில் அட்வான்ஸ் போட்டு மூன்று மாதக் கெடு வைத்தால், மார்கழியில் கதிர் நிற்கும் வயலில் யாரும் அளக்க முடியாது. அப்படிப்பட்ட நிலத்துக்குப் பங்குனி வரை கெடு வையுங்கள். நிற்கும் பயிரை யார் அறுப்பது, சுவாதீனம் (நிலத்தைக் கையில் ஒப்படைப்பது) எந்த நாளில் என்பதையும் எழுதிவிடுங்கள். அந்த வயலுக்குத் தண்ணீர் எந்த மதகில் பாய்கிறது, அறுவடை இயந்திரம் யார் நிலம் வழியாக வருகிறது என்பதையும் நேரில் பார்த்து, வழி உரிமையும் வாய்க்கால் உரிமையும் பத்திரத்தில் வரச் செய்யுங்கள்.

கோயில், மடம், கட்டளை (குறிப்பிட்ட பூஜை, தர்மத்துக்கு விட்ட அறக்கொடை) நிலம் நிறைந்த பகுதி இது. அறநிலையத்துறை ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்க முடியாது. பதிவுச் சட்டம் 22-அ பிரிவின்படி பதிவும் மறுக்கப்படும். சிக்கல் என்னவென்றால், ஒரு புல எண்ணில் ஓர் உட்பிரிவு மட்டும் கோயிலுடையதாக இருந்தாலும், சில இடங்களில் முழு எண்ணையும் பதிவு செய்யக் கூடாத தடைப்பட்டியலில் வைத்திருப்பார்கள். வழிகாட்டி மதிப்புப் (பதிவுக்காக அரசு நிர்ணயித்த நில மதிப்பு) பட்டியலில் அந்த எண்ணுக்குப் பூஜ்யம் காட்டினால் தடை இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அ-பதிவேடு, புலப்படம், தாய்ப்பத்திரம் ஆகியவற்றுடன் அறநிலையத்துறை அலுவலகத்தில் தடையின்மைச் சான்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது கைக்கு வராமல் கெடு நிர்ணயிக்காதீர்கள். கும்பகோணம், மயிலாடுதுறை போன்ற ஊர்களில் வீடு வாங்குவோர், மனை கோயிலுக்கு வாடகை கட்டுவதா என்றும் விசாரிக்க வேண்டும். அப்படியானால் விற்பவருக்குச் சொந்தம் கட்டடம் மட்டுமே.

குத்தகைதாரர் இருக்கிறாரா என்பதை வாய்வழியாகக் கேட்டு விட்டுவிடாதீர்கள். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி வைக்கப்படும் குத்தகைப் பதிவேட்டை வட்டாட்சியர் அலுவலகத்தில் பாருங்கள். பதிவான குத்தகைதாரர் இருந்தால், நிலம் கைமாறினாலும் அவர் உரிமை போகாது. அவரையும் உட்காரவைத்துப் பேசி முடிப்பதே நியாயம், வேகமும் கூட.

அக்ரிமெண்ட்டைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அது கட்டாயம். அட்வான்ஸை வங்கி வழியாகவே கொடுங்கள். கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. வழிகாட்டி மதிப்புக்குக் குறைத்து எழுதினால் முத்திரைச் சட்டம் 47-அ பிரிவில் முத்திரைத் துணை ஆட்சியருக்குப் போய், அது முடியும்வரை பத்திரம் கைக்கு வராது. தை, ஆவணி முகூர்த்த நாட்களில் பதிவுக்கான டோக்கன் சீக்கிரம் தீரும், முன்பே எடுத்துவிடுங்கள். ஆதார், பான், பட்டா, பழைய பத்திரம் நான்கிலும் பெயரும் இனிஷியலும் ஒத்துப்போகிறதா என்று வரைவு தயாராகும்போதே பாருங்கள்.

முழு உட்பிரிவையும் தனிப் பட்டாவோடு வாங்கியிருந்தால் பட்டா மாற்றம் பெரும்பாலும் பதிவோடு தானாக நடந்துவிடும். ஒரு பகுதியை மட்டும் வாங்கியிருந்தால் உட்பிரிவு மனுவுக்குக் கட்டணம் கட்டி, மனு எண்ணை வைத்துக்கொண்டு, அளவர் வரும் நாளில் நான்கு பக்கத்து வயல்காரர்களையும் வரப்பில் நிற்கச் சொல்லுங்கள்.