ஸ்கேனில் ஒன்றுமில்லை, அப்புறம் ஏன் நெறிக்கட்டிகளை எடுக்கிறார்கள்?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. உணவுக்குழாயின் நடுப்பகுதியில் புற்றுநோய். கீமோவும் கதிர்வீச்சும் முடிந்து, அடுத்த வாரம் ஆபரேஷன். நெறிக்கட்டி எதுவும் ஸ்கேனில் தெரியவில்லை என்ற டாக்டரே, 20, 30 நெறிக்கட்டிகளை எடுக்கப்போவதாகச் சொல்கிறார். நோய் அவ்வளவு பரவிவிட்டதா? எதிர்ப்பு சக்தி போய்விடாதா?

பதில்: எடுக்கும் எண்ணிக்கை வேறு, நோயுள்ள எண்ணிக்கை வேறு. முப்பது எடுத்து ஒன்றில்கூட நோய் இல்லாமல் போகலாம்.

ஸ்கேனில் பெரிதானவைதான் தெரியும். பயறு அளவு நிணநீர் முடிச்சுக்குள் (நீங்கள் நெறிக்கட்டி என்பது இதைத்தான்) ஒளிந்திருக்கும் சில புற்றுநோய் செல்கள் தெரியாது. உணவுக்குழாயில் இன்னொரு சிக்கல்: அதன் உட்படலத்துக்கு அடியில் நிணநீர் நாளங்கள் மேலும் கீழுமாக நீளவாக்கில் ஓடுகின்றன. நடுமார்பில் தொடங்கிய நோய், பக்கத்தில் இருப்பதைத் தாண்டி கழுத்தடியிலோ மேல்வயிற்றிலோ போய்த் தங்கலாம். அதனால்தான் ஒன்றிரண்டைப் பொறுக்காமல், மார்பிலும் மேல்வயிற்றிலும் சுற்றியுள்ள கொழுப்போடு திரட்டி எடுக்கிறோம். பரிசோதனைக்கூடத்தில் அந்தக் கொழுப்பை விரலால் தடவித் தடவி ஒவ்வொரு முடிச்சாகத் தேடுவார்கள். நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சரியாகச் சொல்லக் குறைந்தது 15 முடிச்சுகள் வேண்டும் என்பது பொதுக்கணக்கு. கதிர்வீச்சில் அவை சுருங்கிவிடுவதால் சற்றுக் குறைந்தாலும் பதறாதீர்கள்.

எதிர்ப்பு சக்தி பற்றிய பயம் வேண்டாம். உடலில் இவை பல நூறு உண்டு. மண்ணீரலும் எலும்பு மஜ்ஜையும் இருக்கின்றன. மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்குக் கை வீங்குமே, அதுவும் இதில் வராது.

நான் கவலைப்படுவது வேறு இரண்டுக்கு. குரல் நரம்பை ஒட்டியே சில முடிச்சுகள் இருக்கின்றன. ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவின் குரல் கம்மினாலோ, தண்ணீர் குடிக்கும்போது புரையேறினாலோ, அடுத்த வாய் கொடுக்காமல் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். இரண்டாவது, மார்பில் ஓடும் பெரிய நிணநீர்க் குழாய். அதில் கசிவு இருந்தால், டியூப் வழியாக உணவு தொடங்கியதும் மார்பு டியூபில் வரும் நீர் பால்போல வெளுக்கும். அதையும் கவனியுங்கள்.

இந்த ஒரு வாரத்தில் அப்பா நன்றாக நடக்கட்டும், மூச்சுப் பயிற்சி செய்யட்டும். பீடி, சிகரெட் இருந்தால் இன்றே நிறுத்தட்டும். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு வரும் நிமோனியா எங்களுக்குப் பெரிய தலைவலி.

பயாப்சி ரிப்போர்ட் வந்ததும் இரண்டு எண்களைக் கேளுங்கள்: எத்தனை எடுத்தார்கள், எத்தனையில் நோய் இருந்தது. இரண்டாவது எண் பூஜ்யமாக இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. கதிர்வீச்சுக்குப் பிறகும் நோய் மிச்சமிருந்தவர்களுக்கு ஓராண்டுவரை இம்யூனோதெரபி ஊசி (உடலின் எதிர்ப்பு சக்தியையே புற்றுநோய்க்கு எதிராகத் திருப்பும் மருந்து) தரலாம். அப்பாவுக்கு அது பொருந்துமா என்று உங்கள் டாக்டரிடம் அப்போது கேளுங்கள்.