கேட்க முடியாத பிள்ளை

அன்புள்ள ஐயா,

போச்சம்பள்ளிப் பக்கம் பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிறேன். முதல் உலகப்போர்ப் பாடத்தோடு அக்காலச் சுவரொட்டிகளையும் காட்டலாம் என்று எண்ணம். பயமுறுத்துவது, எதிரியை மிருகமாக வரைவது, தேசப்பற்றைத் தூண்டுவது என ஒன்பது உத்திகள் எழுதி வைத்திருக்கிறேன். எதையாவது விட்டுவிட்டேனா? இன்றைய வாட்ஸாப் பிரச்சாரமும் இதேதானா?

அன்புள்ள தம்பி,

ஒன்பதைப் பத்தாக்கித் தரமாட்டேன். பெயர் வைத்துவிட்டால் புரிந்துவிட்டது என்று நினைப்பது நம் வகுப்பறைகளின் பழைய கேடு. நீங்களுமா? வாட்ஸாப்பை இப்போது விடுங்கள்.

பிரிட்டனின் போர் அமைச்சர் கிச்சனர் விரல் நீட்டிப் படைக்கு ஆள் கூப்பிடும் படத்தையும் அளவுக்கு மீறி நம்பாதீர்கள். அந்தப் படம் பத்திரிகை அட்டையில் வந்தது 1914 செப்டம்பர் 5-இல். பிரிட்டனில் ஒரே நாளில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் படையில் சேர்ந்தது அதற்கு இரண்டு நாள் முன்பே. ஆள் வருவது குறைந்த பிறகுதான் சுவரொட்டி வீட்டுக்குள் நுழைந்தது.

1915-இல் சாவில் லம்லி என்ற ஓவியர் வரைந்த பிரிட்டிஷ் சுவரொட்டியைப் பாருங்கள். நாற்காலியில் அப்பா. மடியில் இருக்கும் மகள், பெரும்போரில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்கிறாள். தரையில் மகன் பொம்மைச் சிப்பாய்களோடு விளையாடுகிறான். எதிரி இல்லை, ரத்தம் இல்லை. போர் முடிந்துவிட்டது, போகாத அப்பா கூசிப்போய் நம்மைப் பார்க்கிறார். சரி, போன அப்பாக்கள்? போய்த் திரும்பாதவனின் மகள் யார் மடியில் உட்கார்ந்து கேட்பாள்? அந்தக் கேள்வியைக் கேட்கவே அப்பா உயிரோடு இருந்தாக வேண்டும். சாவை முழுக்கத் துடைத்துவிட்டு வெட்கத்தை மட்டும் வரைந்திருக்கிறார்கள். உங்கள் ஒன்பதில் இது எங்கே இருக்கிறது? இவ்வளவு கூசவைத்தும் ஆள் போதாமல், 1916 ஜனவரியில் கட்டாயமாகப் படையில் சேர்க்கச் சட்டம் போட்டார்கள்.

எனக்கு இது உறுத்தக் காரணம் நம் வேடியப்பன். ஊத்தங்கரைப் பக்கம் எங்கள் நிலத்தை ஒட்டி ஒரு வேடியப்பன் கோயில். பாட்டி பொங்கல் வைக்கும்போது எண்ணெய் வழியும் அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். கையில் வில், மார்பில் தைத்த அம்பு. அது நடுகல் என்பது பிறகுதான் தெரிந்தது. மாடு மீட்கப் போய்ச் செத்தவனை ஊர் சாமியாக்கியது. அதுவும் அடுத்த தலைமுறையைச் சண்டைக்கு இழுக்கும் வேலைதானே என்பீர்கள். இருக்கலாம். ஆனால் அம்பை மறைக்கவில்லை. கல்வெட்டுள்ள கற்களில் அவன் பெயரும் எந்தச் சண்டையில் இறந்தான் என்பதும் இருக்கும். அந்த நேர்மைக்காகவே நான் அதை வணங்குவேன்.

பிள்ளைகளைத் தருமபுரி அகழ்வைப்பகத்துக்குக் கூட்டிப் போய் நடுகற்களைக் காட்டுங்கள். அப்புறம் லம்லியின் படத்தை எடுத்துவைத்து, இதில் யாரை வரையவில்லை என்று கேளுங்கள். பதிலை நீங்களே சொல்லிவிடாதீர்கள், தம்பி. அவர்கள் சொன்னதை எனக்கு எழுதுங்கள்.